300 கஜம் அடித்தாலும் ஒன்று, ஓரடி தட்டினாலும் ஒன்று! - கோல்ஃப் கணக்கு புரிய ஒரு வழி

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். வழக்கமாக அந்த நேரத்தில் பால் பாக்கெட்டும் பேப்பரும் மட்டுமே விழித்திருக்கும் வீடுகளில், அன்று டி.வி.யும் விழித்திருந்தது. திரையில் கிரிக்கெட் இல்லை, ஹாக்கி இல்லை. கோல்ஃப்!

டோக்கியோ ஒலிம்பிக்கின் மகளிர் கோல்ஃப் கடைசிச் சுற்று. பெங்களூரைச் சேர்ந்த 23 வயது அதிதி அசோக், உலகத் தரவரிசையில் 200-வது இடத்தில் இருந்தவர், பதக்கப் பட்டியலில் இரண்டாவதாக நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பை சுமந்து, கூடவே நடந்தவர் அவருடைய அம்மா. அதுவரை கோல்ஃப் பக்கமே எட்டிப் பார்க்காத குடும்பங்கள்கூட அன்று காபி டம்ளரோடு உட்கார்ந்துவிட்டன.

சிக்கல் என்னவென்றால், என்ன நடக்கிறது என்று யாருக்கும் புரியவில்லை. "பேர்டி" என்று வர்ணனையாளர் உற்சாகமாகச் சொல்வார். "அது நல்லதா, கெட்டதா?" என்று பாட்டி கேட்பார். "மைனஸ் 14 என்று போட்டிருக்கிறதே, மைனஸில் இருக்கும் பெண் எப்படி முன்னால் இருக்கிறாள்?" என்று அப்பா கேட்பார். பேரன் செல்போனில் தேடி முடிப்பதற்குள் அடுத்த குழி ஆரம்பமாகியிருக்கும்.

கடைசியில் அதிதிக்கு நான்காம் இடம். பதக்கத்துக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு அடி, அதாவது ஒரே ஒரு ஸ்ட்ரோக். அன்று மாலையே நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வாங்க, நாடு அந்தக் கொண்டாட்டத்துக்குப் போய்விட்டது. ஆனால், காலையில் எழுந்த கேள்விகள் அப்படியே நின்றுவிட்டன.

அந்தக் கேள்விகளுக்கான பதில்தான் இந்த வார 'ஆட்டம் அறிவோம்'. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரிந்துவிடும். கோல்ஃபில் எல்லா அடிக்கும் ஒரே விலை. 300 கஜம் பறக்கவிட்டாலும் கணக்கில் ஒன்று. குழிக்கு ஓரடி தள்ளி நின்று மெல்லத் தட்டினாலும் ஒன்றேதான்.

முதலில் 'பார்'

கோல்ஃப் மைதானத்தில் 18 குழிகள் இருக்கும். குழி என்பது தரையில் இருக்கும் ஓட்டை மட்டுமல்ல. பந்தை முதலில் அடிக்கும் இடத்திலிருந்து அந்த ஓட்டை வரையிலான முழுப் பாதைக்கும் 'ஹோல்' என்றே பெயர். புறப்படும் இடம் 'டீ'. நடுவில் புல் வெட்டிச் சீராக வைத்திருக்கும் பாதை 'ஃபேர்வே'. அதன் இரு பக்கமும் புல் வளர்ந்து கிடப்பது 'ரஃப்'. கடைசியில், கம்பளம் விரித்த மாதிரி ஒட்ட வெட்டிய புல்தரை 'கிரீன்'. அதில்தான் கொடி நட்ட ஓட்டை. அந்த ஓட்டையின் விட்டம் நாலேகால் அங்குலம், 108 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு காபி டபராவின் அகலம்.

ஒரு தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு குழியை இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதுதான் 'பார்'. பங்குச்சந்தையில் ஒரு பங்கின் முகமதிப்பைச் சொல்லும் 'பார்' என்ற சொல்தான் இங்கேயும் வந்து ஒட்டிக்கொண்டது. குழியின் நீளத்தைப் பொறுத்து பார் 3, பார் 4, பார் 5 என்று இருக்கும். 18 குழிகளின் பாரையும் கூட்டினால் மைதானத்தின் பார். பெரும்பாலும் 72 அல்லது அதற்கு ஒன்றிரண்டு குறைவு. அதிதி ஆடிய கசுமிகசெகி மைதானத்துக்கு 71.

இந்த பார் எப்படி வருகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எந்தக் குழியாக இருந்தாலும், கிரீனுக்கு வந்த பிறகு பந்தை உருட்டி உள்ளே தள்ள இரண்டு அடி என்று ஒதுக்கிவிடுவார்கள். மிச்சம் இருப்பது கிரீனுக்கு வந்து சேர்வதற்கு. பார் 3 என்றால் ஒரே அடியில் கிரீனுக்கு வர வேண்டும். பார் 4 என்றால் இரண்டு அடியில், பார் 5 என்றால் மூன்று அடியில்.

இதைக் கூட்டிப் பார்த்தால் ஆச்சரியம் காத்திருக்கிறது. 18 குழிக்கு, குழிக்கு இரண்டு வீதம், 36 அடிகள். 72-ல் சரிபாதி! ஓங்கி அடித்து பந்தை வானத்துக்கு அனுப்புவதைத்தான் டி.வி. காட்டும், விளம்பரமும் காட்டும். ஆனால், கணக்கில் பாதி கடைசிச் சில அடி தூரத்துக்காக எடுத்துவைக்கப்பட்டிருக்கிறது.

பறவைகளும் ஒரு பூதமும்

பார் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால், மற்ற பெயர்கள் எல்லாம் அதிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதைச் சொல்பவைதான்.

பாருக்கு ஒன்று குறைவாக முடித்தால் 'பேர்டி'. இரண்டு குறைவு 'ஈகிள்'. மூன்று குறைவு 'ஆல்பட்ராஸ்'. சின்னப் பறவை, கழுகு, பெருங்கடல் பறவை என்று, சாதனை பெரிதாகப் பெரிதாகப் பறவையும் பெரிதாகிறது. அமெரிக்கக் கொச்சைப் பேச்சில் அபாரமான எதையும் 'பேர்ட்' என்று சொல்லும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அதிலிருந்து பேர்டி வந்தது. முதல் பறவை வந்ததும் மற்றவை பின்னால் பறந்து வந்துவிட்டன.

முதல் அடியிலேயே பந்து குழியில் விழுந்தால் 'ஹோல் இன் ஒன்'. 'ஏஸ்' என்றும் சொல்வார்கள். பார் 3 குழியில் இது நடந்தால் கணக்குப்படி ஈகிள். ஆனால், யாரும் ஈகிள் என்று சொல்ல மாட்டார்கள். ஆயுசுக்கும் 'ஹோல் இன் ஒன்' என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள்!

பாருக்கு மேலே போனால்? ஒன்று அதிகமானால் 'போகி'. பொங்கலுக்கு முந்தைய நாள் போகி இல்லை, இது ஆங்கிலேயரின் பூதம். 1890-களில் இங்கிலாந்தில் 'போகி மேன்' என்ற பூதத்தைப் பற்றிய பாட்டு ஒன்று பிரபலமாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஓர் எதிராளி எல்லாக் குழியையும் சரியான அடியில் முடிப்பதாக வைத்துக்கொண்டு, அவரோடு போட்டி போடுவது அப்போதைய ஆட்டக்காரர்களின் வழக்கம். அந்த எதிராளிக்கு 'கர்னல் போகி' என்று பெயர் வைத்தார்கள். அதாவது, இன்று பார் என்று சொல்வதைத்தான் அன்று போகி என்றார்கள். பிறகு பந்தும் மட்டையும் மேம்பட்டன, ஆட்டக்காரர்களும் தேறினார்கள். பார் கறாரானது. பழைய கர்னல் ஒரு படி கீழே இறங்கி, பாருக்கு ஒன்று அதிகம் என்ற இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு அதிகமானால் 'டபுள் போகி', மூன்று அதிகமானால் 'டிரிபிள் போகி'. அதற்கு மேல் போனால் பெயர் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த குழிக்கு நடப்பது நல்லது.

இப்போது அந்த மைனஸ் புரியும்

கோல்ஃபில் குறைவாக எடுப்பவர்தான் ஜெயிக்கிறார். அதனால் மைனஸ் என்றால் கொண்டாட்டம். டி.வி.யில் பாருக்குக் கீழே உள்ள எண்களைப் பெரும்பாலும் சிவப்பில் காட்டுவார்கள். பள்ளி மார்க் ஷீட் பழக்கத்தில் சிவப்பைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆங்கில எழுத்து 'இ' என்றால் 'ஈவன்', பாருக்குச் சமம். பெயருக்கு அருகில் 14 என்று தனியாக இருந்தால், இதுவரை 14 குழிகள் முடிந்திருக்கின்றன என்று பொருள். 'எஃப்' என்றால் அன்றைய ஆட்டம் முடிந்துவிட்டது. 'டி' போட்டு எண் இருந்தால், அந்த இடத்தை ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

அதிதியின் கடைசிச் சுற்றையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அன்று அவர் எடுத்தது ஐந்து பேர்டி, இரண்டு போகி. மீதிக் குழிகள் எல்லாம் பார். ஐந்து குறைந்தது, இரண்டு கூடியது. ஆக, பாருக்கு மூன்று குறைவு. 71-ல் மூன்று போனால் 68. நான்கு நாள்களில் அவர் எடுத்தவை 67, 66, 68, 68. மொத்தம் 269. நான்கு நாள் பார் 284. வித்தியாசம் மைனஸ் 15.

தங்கம் வென்ற அமெரிக்காவின் நெல்லி கோர்டா மைனஸ் 17. ஜப்பானின் மோனே இனாமி, நியூசிலாந்தின் லிடியா கோ இருவரும் மைனஸ் 16. சமமாக நின்றதால் அந்த இருவரும் கூடுதலாக ஆடி, இனாமி வெள்ளியும் கோ வெண்கலமும் எடுத்தார்கள். அதிதி கடைசி நான்கு குழிகளிலும் பார் எடுத்தார். பார் என்பது தவறில்லாத ஆட்டம். ஆனால், அந்த நான்கில் ஒரே ஒரு பேர்டி விழுந்திருந்தால் அவரும் மைனஸ் 16-ல் நின்று, பதக்கத்துக்கான கூடுதல் ஆட்டத்தில் இறங்கியிருப்பார். நான்கு நாள், 72 குழி, 269 அடி. அதில் ஒன்று.

கடைசி 50 கஜத்தின் மொழி

அதிதி மற்ற முன்னணி வீராங்கனைகள் அளவுக்கு நீண்ட தூரம் அடிப்பவர் இல்லை. அவர் பந்து விழுந்த இடத்தைத் தாண்டி எதிராளிகளின் பந்து கிடக்கும். அப்படியிருந்தும் அவரை இரண்டாம் இடம் வரை கொண்டுவந்தது கிரீன் மீதும் அதைச் சுற்றியும் அவர் ஆடிய ஆட்டம். இதற்குத்தான் 'ஷார்ட் கேம்' என்று பெயர். கிரீனுக்குப் பக்கத்தில் வந்த பிறகு ஆடும் எல்லாமே இதில் அடக்கம். பலத்தைவிடக் கைப்பக்குவம் கேட்கும் வேலை இது.

கிரீன் மீது பந்தைத் தரையோடு உருட்டுவது 'பட்'. அதற்கான மட்டை 'பட்டர்'. வெண்ணெய் இல்லை, தட்டையான முகம் கொண்ட மட்டை. கேரம் போர்டில் காயை எவ்வளவு வேகத்தில் அனுப்பினால் பாக்கெட் ஓரத்தில் முட்டித் திரும்பாமல் விழும் என்று கை கணக்குப் போடுமே, அதே கணக்குதான். ஆனால், கேரம் போர்டு சமதளம். கிரீன் அப்படியில்லை, மேடும் சரிவும் இருக்கும். பந்து நேராகப் போகாமல் சரிவுப் பக்கம் வளைவதை 'பிரேக்' என்பார்கள். ஆட்டக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கொடியையே முறைத்துப் பார்ப்பது இந்த வளைவைக் கணிப்பதற்காக. அதற்கு கிரீனை 'ரீட்' செய்வது, படிப்பது என்று பெயர்.

ரொம்பத் தூரத்திலிருந்து உருட்டும்போது, உள்ளே விழ வேண்டும் என்று அவசரப்படாமல், குழிக்கு அருகில் நிறுத்தினால் போதும் என்று தட்டுவது 'லேக் பட்'. அடுத்த தட்டில் முடித்துவிடலாம். இரண்டில் முடிய வேண்டியது மூன்றானால் 'த்ரீ பட்'. புதியவர்களின் ஸ்கோரைச் சத்தமில்லாமல் தின்பது இதுதான்.

பந்து கிரீனுக்கு வெளியே சற்றுத் தள்ளிக் கிடந்தால் 'சிப்'. பந்து கொஞ்ச தூரம் தாழப் பறந்து, விழுந்து, மிச்ச தூரத்தை உருண்டு கடக்கும். பறப்பது குறைவு, உருள்வது அதிகம். இன்னும் தள்ளிக் கிடந்தாலோ, நடுவில் மணல் பள்ளம் இருந்தாலோ 'பிட்ச்'. இதில் பந்து உயரமாகப் பறந்து, விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடங்கும். பறப்பது அதிகம், உருள்வது குறைவு. கோலி விளையாடியவர்களுக்கு இது புதிதில்லை. குழிக்குத் தரையோடு உருட்டிவிடுவதும், நடுவில் கிடக்கும் கோலியைத் தாண்டித் தூக்கிப் போடுவதும் வேறு வேறு வித்தைகள்தானே!

பந்து ஏறக்குறைய செங்குத்தாக எழும்பி, பூ விழுவது மாதிரி விழ வேண்டுமென்றால் 'ஃபிளாப்' அல்லது 'லாப்'. பார்க்க அழகு, ஆடக் கஷ்டம். அனுபவசாலிகள் புதியவர்களுக்குச் சொல்லும் வரிசை எளிது. உருட்ட முடிந்தால் உருட்டு, முடியாவிட்டால் சிப் செய், அதுவும் முடியாவிட்டால் மட்டும் தூக்கி அடி.

இந்த வேலைகளுக்கான மட்டைகள் 'வெட்ஜ்'. அவற்றின் முகம் நன்றாகச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுக்கு 'லாஃப்ட்' என்று பெயர். சாய்வு கூடக் கூடப் பந்து உயரமாக எழும்பும், குறைந்த தூரம் போகும். ஒருவர் பையில் அதிகபட்சம் 14 மட்டைகள்தான் வைத்துக்கொள்ளலாம். அதில் மூன்று நான்கு இடத்தை வெட்ஜுக்கே ஒதுக்குபவர்கள் நிறைய.

பந்தை அடிக்காத அடி

கிரீனைச் சுற்றி மணல் பள்ளங்கள் இருக்கும். அவை 'பங்கர்'. அதில் ஆடுவது மற்ற எல்லாவற்றுக்கும் நேர் எதிர். மட்டை பந்தைத் தொடக் கூடாது! பந்துக்கு ஓரிரு அங்குலம் பின்னால் மணலில் மட்டை இறங்கி, ஒரு கரண்டி மணலோடு பந்தையும் சேர்த்து வெளியே தள்ள வேண்டும். அடிப்பதற்கு முன்னால், பந்துக்கு முன்னும் பின்னும் உள்ள மணலை மட்டையால் தொட்டாலே தண்டனையாக இரண்டு ஸ்ட்ரோக் கூடிவிடும்.

இதற்கென்றே அடிப்பகுதி தடித்த 'சேண்ட் வெட்ஜ்' உண்டு. அதை 1930-களின் தொடக்கத்தில் இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கர் ஜீன் சராசன். சாதாரண வெட்ஜின் அடியில் ஈயத்தைப் பற்றவைத்து இழைத்து இழைத்துப் பார்த்துச் செய்த மட்டை அது. அதே சராசன்தான் 1935 மாஸ்டர்ஸ் போட்டியில், 15-வது குழியில், சுமார் 235 கஜத்திலிருந்து இரண்டாவது அடியிலேயே பந்தைக் குழியில் போட்டார். பார் 5 குழியை இரண்டில் முடித்தால், அது ஆல்பட்ராஸ். பெரும்பறவையைப் பிடித்தவரும் அவர்தான், மணலோடு மல்லுக்கட்டியவரும் அவர்தான்.

கிரீனுக்கு வெளியே கிடக்கும் பந்தை ஒரே அடியில் குழி அருகில் கொண்டுவந்து, ஒரே தட்டில் முடித்தால் 'அப் அண்ட் டவுன்'. பங்கரிலிருந்து இதைச் செய்தால் 'சேண்ட் சேவ்'. கிரீனைத் தவறவிட்ட பிறகும் இப்படி மீண்டு பாரைக் காப்பாற்றுவதைப் பொதுவாக 'ஸ்கிராம்பிளிங்' என்கிறார்கள். பெரிய ஆட்டக்காரர்களும் தவறவிடுவார்கள். தவறவிட்டதை ஒரு ஸ்ட்ரோக்காக மாறவிடாமல் தடுப்பதில்தான் அவர்கள் பெரியவர்கள்.

இதற்கு யூடியூபில் இன்றும் ஓடும் உதாரணம், 2005 மாஸ்டர்ஸில் டைகர் உட்ஸின் சிப். 16-வது குழியில் பந்து கிரீனைத் தாண்டிப் போய் விழுந்துவிட்டது. அவர் கொடியைப் பார்த்து அடிக்கவில்லை, சரிவின் உச்சியைப் பார்த்து அடித்தார். பந்து மேட்டில் ஏறி, திரும்பி, இறங்கி, குழியின் விளிம்பில் ஒரு கணம் நின்று யோசித்து உள்ளே விழுந்தது. பேர்டி! அடுத்த இரண்டு குழிகளிலும் அவர் போகி எடுத்தார் என்பது பலருக்கு நினைவில் இல்லை. அந்தப் பேர்டி இல்லாவிட்டால் கூடுதல் ஆட்டம்வரை போய் ஜெயித்திருக்க முடியாது.

ஒரு குழியில் ஒரு புதியவர்

புதிதாக ஆட வந்த ஒருவர் ஒரு பார் 4 குழியை எப்படி ஆடுவார் என்று பார்க்கலாம்.

முதல் அடி ரஃபில் விழுகிறது. ஒன்று. இரண்டாவதாக ஓங்கி வீசுகிறார், மட்டை பந்தின் மேலே காற்றில் போய்விடுகிறது. பந்து அசையவே இல்லை. ஆனாலும், அடிக்கும் எண்ணத்தோடு வீசியதால் இரண்டு! மூன்றாவது அடி கிரீன் அருகே பங்கரில். நான்காவது, மணல் மட்டும் பறக்கிறது, பந்து அங்கேயே. ஐந்தாவதில் கிரீனுக்கு வருகிறார். ஒரு தட்டு, இன்னொரு தட்டு. ஏழு. டிரிபிள் போகி.

இங்கே கவனிக்க வேண்டியது, பந்து பங்கரில் விழுந்தபோது அவர் கணக்கில் இருந்தது மூன்றுதான். மீதி நான்கும் கடைசி 20, 30 கஜத்தில் போனவை. பந்து தண்ணீரில் விழுந்தால் தண்டனையாக ஒன்று கூடும். பந்து தொலைந்தால் தேட மூன்று நிமிடம்தான். கிடைக்காவிட்டால் ஒரு ஸ்ட்ரோக் தண்டனையோடு பழைய இடத்துக்கே திரும்பிப் போய் அடிக்க வேண்டும். டீயில் அடித்தது தொலைந்துபோனால், திரும்ப டீயில் அடிப்பது மூன்றாவது அடி.

வார இறுதியில் ஆடும் நண்பர்கள், குழிக்கு மிக அருகில் நிற்கும் பந்தை "சரி, எடுத்துக்கோ" என்று விட்டுக்கொடுப்பார்கள். இது 'கிம்மி'. ஒருவரோடு ஒருவர் குழிக்குக் குழி மோதும் 'மேட்ச் பிளே' ஆட்டத்தில் எதிராளி இப்படி விட்டுக்கொடுக்க விதியே அனுமதிக்கிறது. மொத்த அடிகளை எண்ணும் 'ஸ்ட்ரோக் பிளே'யில் அது கிடையாது. எவ்வளவு அருகில் இருந்தாலும் தட்டி உள்ளே போட்டே ஆக வேண்டும்.

ஏன் இந்தக் கறார்? 1970-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் நடந்த ஓப்பன் போட்டியே சாட்சி. கடைசிக் குழியில் டக் சாண்டர்ஸுக்கு மூன்றடிக்கும் குறைவான ஒரு பட். போட்டால் பட்டம். தவறவிட்டார். மறுநாள் கூடுதல் சுற்றில் ஜாக் நிக்லாஸ் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் அவரை வென்றார்.

எண்ணுவது யார்?

கிரிக்கெட்டில் அம்பயர், கால்பந்தில் ரெஃபரி. கோல்ஃபில் ஒவ்வொரு பந்தின் பின்னாலும் நடுவர் நடப்பதில்லை. அவரவர் தவறை அவரவரே சொல்ல வேண்டும். போட்டிகளில் உடன் ஆடுபவர் கார்டில் எழுதுவார், ஆடியவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். வழக்கமாகக் கார்டில் பேர்டியைச் சுற்றி வட்டம், போகியைச் சுற்றிச் சதுரம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு பேச்சு கிடையாது.

1968 மாஸ்டர்ஸ். அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோவுக்கு அன்று 45-வது பிறந்தநாள். 17-வது குழியில் அவர் எடுத்தது மூன்று, பேர்டி. உடன் ஆடியவர் கைதவறி நான்கு என்று எழுதிவிட்டார். டி விசென்சோ கவனிக்காமல் கையெழுத்திட்டார். எடுத்ததைவிட அதிகமாக எழுதிக் கையெழுத்திட்டால், அந்த அதிகமான எண்தான் நிற்கும் என்பது விதி. உலகமே டி.வி.யில் மூன்றைப் பார்த்தது, கார்டில் இருந்தது நான்கு. ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் பட்டம் பாப் கோல்பிக்குப் போனது.

இன்னொரு ஒன்று, 1925-ல். யு.எஸ். ஓப்பனில் பாபி ஜோன்ஸ் அடிக்கத் தயாரானபோது பந்து லேசாக அசைந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. அசைந்தது என்று அவரே சொல்லித் தனக்கு ஒரு ஸ்ட்ரோக் தண்டனை வாங்கிக்கொண்டார். முடிவில் இன்னொருவரோடு சமம். கூடுதல் சுற்றில் ஒரு ஸ்ட்ரோக்கில் தோற்றார். அந்த ஒன்றைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவர்தான் சாம்பியன். இன்று அமெரிக்க கோல்ஃப் சங்கம் விளையாட்டு நேர்மைக்காகத் தரும் விருது அவர் பெயரில் இருக்கிறது.

தாத்தாவும் பேத்தியும் ஆடலாம்

"நமக்கெல்லாம் பார் எங்கே வரப்போகிறது" என்று தயங்குபவர்களுக்காகவே 'ஹேண்டிகேப்' இருக்கிறது. ஒருவரின் திறமைக்கு ஏற்பக் கிடைக்கும் சலுகை அடிகள் என்று எளிமையாகப் புரிந்துகொள்ளலாம். தெருவில் கிரிக்கெட் ஆடும்போது சின்னப் பையனுக்கு "முதல் பால்ல அவுட் இல்லை" என்று சொல்வோமே, அதன் முறைப்படியான வடிவம்.

20 ஹேண்டிகேப் உள்ள தாத்தா 95 எடுக்கிறார் என்றால், 20-ஐக் கழித்து அவருடைய 'நெட்' ஸ்கோர் 75. ஐந்து ஹேண்டிகேப் உள்ள பேத்தி 81 எடுத்தால், அவருடைய நெட் 76. தாத்தா ஜெயித்தார்! 2020-ல் வந்த உலக ஹேண்டிகேப் முறைப்படி, ஹேண்டிகேப் அளவு 54 வரை போகலாம், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வரம்பு. 18 குழிக்கு 54 என்றால், குழிக்கு மூன்று. மேலே பார்த்த அந்தப் புதியவரின் டிரிபிள் போகி, அவருக்குக் கிட்டத்தட்ட பார்தான். எல்லாக் குழியிலும் போகி எடுத்தால் பார் 72 மைதானத்தில் 90 வரும். பல வருடம் ஆடியவர்களே அந்த 90-க்காகத் தவம் கிடப்பதுண்டு.

ஆக, ஆரம்பிப்பவருக்கு முதல் இலக்கு பேர்டி இல்லை. த்ரீ பட்டைக் குறைப்பது, பங்கரிலிருந்து ஒரே அடியில் வெளியே வருவது, சிப் செய்தால் பந்து கிரீனிலேயே நிற்பது. இந்த மூன்றும் கைகூடினால், தூரம் ஒரு கஜம்கூடக் கூடாமலே ஸ்கோர் இறங்கும். வீட்டுக் கூடத்தில் டம்ளரைப் படுக்கவைத்து உருட்டிப் பார்த்தாலே பட்டிங் பயிற்சி தொடங்கிவிடும்.

கொடைக்கானலில் பில்லர் ராக்ஸ் போகும் வழியில், வண்டி ஜன்னலிலிருந்து அந்தப் பச்சை மேடுகளைப் பார்த்திருப்பார்கள் பலர். ஊட்டியிலும் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் மைதானங்கள் உண்டு. அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது, தூரத்தில் ஒருவர் குத்துக்காலிட்டு கிரீனையே முறைத்துக்கொண்டிருந்தால், அவர் என்ன படிக்கிறார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

அதிதி அதற்குப் பிறகும் ஓயவில்லை. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில், கடைசிச் சுற்றுக்கு முன்னால் ஏழு ஸ்ட்ரோக் முன்னிலையில் இருந்தார். கடைசி நாள் 77 ஆனது, பார் 72-க்கு ஐந்து அதிகம். தங்கம் நழுவினாலும் வெள்ளி கையில் நின்றது. ஆசிய விளையாட்டு கோல்ஃபில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான்.

ஏழு முன்னிலையும் கரையும், ஒன்றே ஒன்றும் பதக்கத்தைத் தடுக்கும். அன்று காலை "அது நல்லதா, கெட்டதா?" என்று கேட்ட பாட்டிக்கு இப்போது ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: "பேர்டி நல்லது பாட்டி. ஒன்று மிச்சம். அந்த ஒன்றுக்காகத்தான் இத்தனை பாடும்!"